பனி என்று எழுதிய சீட்டு

1998 ஜூலை 14, செவ்வாய். இன்று வகுப்பில் ஒரு சின்னத் தப்பு. ஒருத்தி எத்தனை முறை கருவுற்றாள் என்பது கிராவிடா. எத்தனை முறை பிரசவித்தாள் என்பது பாரா. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். சார் அதை வாசித்துக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். இந்தப் படிப்பு எனக்கு வருமா, தெரியவில்லை.

இப்படி எழுதி வைத்துவிட்டுத் தூங்கிய ஷீனா, மறுநாள் எட்டு மணிக்கே தம்பானூரில் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், மாலை வகுப்பில் ஆங்கில மருத்துவச் சொற்கள். மூன்றும் அரைகுறை என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க்கு.

மழைக்காலம்; ஊரெல்லாம் காய்ச்சல். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பெயர். காலையிலிருந்து பனி, பனி என்று எழுதி அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவன் நிறைமாத மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி வந்தான். ஆரியசாலையில் மிளகாய்க் கடையில் வேலை பார்க்கும் பகவதிப்பெருமாள்; திருநெல்வேலிக்காரன்.

"பனிக்குடம் ஒடஞ்சிட்டு, தாயி. சீக்கிரம் பாருங்க."

கூட்டத்தின் இரைச்சலில் ஷீனாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. 'ஆவுடைத்தாய், 23, கர்ப்பிணி, பனி' என்று எழுதி, காய்ச்சல் வரிசையைக் கைகாட்டினாள்.

இருபது நிமிடம் கழித்து ஷைலஜா சிஸ்டர் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு வந்தார். "எந்தா ஷீனா இது? பனியே இல்லல்லோ!"

"பனியா?" என்று பின்னாலேயே வந்த பகவதிப்பெருமாள் வெளியே பெய்யும் மழையைப் பார்த்தான். "ஆடி மாசம் பொறக்கப் போவுது, பனி எங்கெருந்தும்மா பெய்யும்? நான் சொன்னது குடம்."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஷீனா சிரிக்கவில்லை. பனிக் குடம். காய்ச்சலுக்கு ஏது குடம்? எழுந்து பெஞ்சுக்கு ஓடினாள். ஆவுடைத்தாயின் காலடியில் தரை ஈரமாக இருந்தது.

"அக்கா, குடம்னா என்ன?"

"வயித்துல பிள்ள தண்ணிக்குள்ளதான தங்கச்சி கெடக்கும்? அந்தக் குடந்தான்" என்றாள் ஆவுடைத்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒடஞ்சு ஒரு மணி நேரமாச்சு. இங்க எவளுக்கும் வெளங்கல."

ஷீனா அவள் கையில் இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து பரிசோதனை அட்டையை எடுத்தாள். முப்பத்தேழு வாரம். பிரீச், தலை மேலே, பிள்ளையின் இடுப்பு கீழே. போன வாரம்தான் வகுப்பில் சொன்னார்கள்: பிள்ளை அப்படிக் கிடக்கும்போது நீர் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவிவிடலாம். கொடி நசுங்கினால் பிள்ளைக்கு மூச்சில்லை. சரியாகத்தான் நினைவிருக்கிறதா? இதையும் மாற்றிப் பிடித்துவிட்டேனோ? ஒரு நொடி நின்றாள். ஒரே ஒரு நொடிதான்.

"சிஸ்டர், ஸ்ட்ரெச்சர்! மெம்ப்ரேன் ரப்சர் ஆயாச்சு. பிரீச்."

"ரெண்டு மாசம் கிளாஸுக்குப் போயி நீ டாக்டராயோ?"

"டாக்டர் ஆகல, சிஸ்டர். சீட்டுல தப்பா எழுதினது நான். என்னைத் திட்டணும்னா பிறகு திட்டுங்க. இப்போ ஒரு பக்கம் பிடிங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியம். ஷைலஜா அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்தார்.

பிரசவ அறையில் டாக்டர் அம்மிணி கை வைத்துப் பார்த்ததும் நிமிர்ந்தார். "பொக்கிள்கொடி இறங்கித் தொடங்ஙி. தியேட்டர், இப்பத்தன்னே!" சிசேரியன் என்ற சொல்லை ஷீனா வகுப்பில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. பகவதிப்பெருமாள் மனைவியின் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அழுகையா அது? ஆஸ்பத்திரியையே அதட்டுகிற சத்தம். கதவைத் திறந்த ஷைலஜா சிஸ்டர் குழந்தையை இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றார்.

"பெண்குட்டி. ரெண்டே முக்கால் கிலோ. அம்மைக்கும் சுகம்தன்னே."

"என்னா தொண்ட!" என்றான் பகவதிப்பெருமாள், கண்ணைத் துடைத்தபடி. "அவ ஆத்தாளேதான்!"

டாக்டர் அம்மிணி முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். சீட்டில் நடந்த குழப்பத்தை ஷைலஜா உள்ளேயே சொல்லியிருந்தார். "இன்னும் பத்து நிமிஷம் அந்த பெஞ்சுல இருந்திருந்தா, நமக்குக் குட்டி கிட்டியிருக்காது. ஷீனா, இந்த மாதிரி தமிழ் வார்த்தை வேற எந்தெல்லாம் உண்டு?"

"தெரியாது மேடம். கேட்டு எழுதித் தர்றேன்."

"எழுது. டாக்டர்களும் படிக்கட்டும்."

"வரணும் டீச்சரே, சாயா குடிக்கலாம்" என்று ஷைலஜா அவள் தோளில் கைபோட்டார். கேலிதான். ஆனால் சாயாவை வாங்கிக் கையில் கொடுத்ததும் அவரேதான்.

சாயங்காலம் ஷீனா நோட்டைத் திறந்தாள். பனி என்று எழுதியது என் தப்பு, இருபது நிமிடம் வீணாயிற்று என்று முதலில் எழுதினாள். அதன் கீழே, குழந்தை பிழைத்தது, நானும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதி, அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டாள்.

நாளை: ஏழரைக்கே போக வேண்டும். பிரசவத்துக்கு அவர்கள் ஊரில் சொல்லும் சொற்களைப் பகவதிப்பெருமாளிடம் கேட்டு, பக்கத்தில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதி, ஓ.பி. திறக்கும் முன் சீட்டு மேஜையில் ஒட்ட வேண்டும்.