ஹெரால்டின் நெற்றிப் பொட்டு

மஞ்சள் துணி வண்டிகளுக்கு, நீலத் துணி தரைக்கு. வடிவு மஞ்சள் துணியை நான்காக மடித்து அம்பாசடரின் பானெட்டைத் துடைத்தாள். முந்தின நாள் அவள் வைத்திருந்த பொட்டு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பத்மினியிலும் வந்தது. மூன்று சக்கரத்தில் நிற்கும் பாதல் காரிலும் வந்தது. வெளிர்நீல ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் மட்டும் வரவில்லை. துணியின் ஓரத்தை நனைத்துத் தேய்த்தாள். செம்மை மங்கிப் பழுப்பாகி, இன்னும் நன்றாகப் பதிந்துகொண்டது.

அந்தப் பழைய கார் காட்சிக்கூடத்தில், உலர்ந்த துணியைத் தவிர வேறெதுவும் வண்டிகள்மேல் படக்கூடாது என்பது மேனேஜர் தீபக்கின் கட்டளை. ஆயுத பூசைகூட வாசலில், ஆபீஸ் வேனுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் மட்டும்தான் நடந்தது. பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, வடிவு மிச்சமிருந்த ஆரத்தித் தட்டோடு உள்ளே வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவந்த நீரில் விரலைத் தொட்டு, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனாள்.

"என்னக்கா, அங்கயே நின்னுட்டீங்க?" கூடத்தின் வழிகாட்டி உமேஷ் டையைச் சரிசெய்தபடி வந்தான்.

"ஆரத்திப் பொட்டுங்க தம்பி. போவ மாட்டேங்குது."

குனிந்து பார்த்தவன் குரலைத் தாழ்த்தினான். "இதுக்குப் போயா வச்சீங்க? மத்ததுக்கெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு. இது ஃபேக்டரில அடிச்ச அதே பெயிண்ட். தினம் தொண்டை கிழியச் சொல்றேனே."

"மெட்ராஸ்ல செஞ்சதுன்னுதானுங்க சொன்னீங்க. நம்ம பக்கத்து வண்டியாச்சேன்னு இதுக்குக் கொஞ்சம் பெருசாவே வச்சுப்போட்டேன்."

"உங்க ஊரு கௌதள்ளிக்கும் மெட்ராசுக்கும் எந்த ஊர்ல பக்கம்?"

"ஆயுத பூசையும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்குதேன்னு இருந்துச்சுங்க."

உமேஷ் சிரிக்கவில்லை. "பம்பாய்லேர்ந்து ஒருத்தர் இந்த வண்டிய பாக்கறதுக்குன்னே இன்னிக்கு வர்றாரு. கையெடுங்க. தேய்க்கத் தேய்க்க இன்னும் கெடும்."

வடிவு கையை எடுத்தாள். புடவை முந்தானையில் முடிந்திருந்த ஈ.எஸ்.ஐ. கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் வீட்டுக்காரருக்கு அதை வைத்து இலவச டயாலிசிஸ். அந்தக் கார்டுக்காகத்தான் அவள் வீட்டு வேலைகளை விட்டுவிட்டு ஏஜென்சி மூலம் இங்கே சேர்ந்தாள். வேலை நின்றால் கார்டு எத்தனை நாள் செல்லும் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் பயம்.

தசரா கூட்டம் உள்ளே வந்தது. உமேஷ் ஹெரால்டின் முன்னால் போய், பொட்டை முதுகால் மறைத்து நின்றுகொண்டான். அங்கிருந்தே கையை நீட்டி நீட்டி எல்லாக் கதையையும் சொன்னான். அம்பாசடர் கல்கத்தா பக்கம், பத்மினி பம்பாயில், பாதல் நம்ம பெங்களூரில்.

"அந்தக் காலத்துல காருக்குப் பணத்தைக் கட்டிட்டு வருசக்கணக்கா காத்திருக்கணும். கல்யாணத்துக்குன்னு புக் பண்ணா, கொழந்தைக்கு மொட்டை அடிக்கறப்போ வண்டி வரும்."

கூட்டம் சிரித்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அந்த வண்டிய போட்டோ எடுக்கணும்" என்றாள் ஒரு பெண். உமேஷ் தள்ளவில்லை. வடிவு துடைத்த தரையையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தீபக் பம்பாய்க்காரரோடு வந்தபோது உமேஷ் நகரத்தான் வேண்டியிருந்தது.

"யாரு மாடித்து இது? யார் பண்ணது?" தீபக்கின் குரல் மெல்லத்தான் வந்தது.

"நானுங்க சார்."

"ஒரிஜினல் பெயிண்ட்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஏஜென்சிக்கு நான் சொல்லிக்கறேன். யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"சார், எங்க வீட்டுக்காரருக்கு..."

தீபக் அதற்குள் திரும்பிவிட்டான். பம்பாய்க்காரர் பானெட்டுக்கு முன் மண்டியிட்டு, பொட்டைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தீபக் முதலில் விழித்தான், பிறகு சிரித்தான். வடிவுக்கு அது புரியவில்லை.

ஏஜென்சியில் கேட்டதற்கு, மேனேஜர் சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் வடிவு மேனேஜரைப் பார்க்க வந்தாள். வாட்ச்மேன் சித்தையன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டான். "மீட்டிங்ல இருக்காரு. உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள். ஹெரால்டைச் சுற்றிப் புதிதாகச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மேலிருந்து ஒரு சின்ன விளக்கு பானெட்டின்மேல் விழுந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உமேஷின் குரல் வெளியே வந்தது.

"வண்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு அந்த வீட்டம்மா கையால வச்ச பொட்டு இது. இன்னிக்கு வரைக்கும் யாரும் அழிக்கல. வெளிநாட்டு வண்டி எதுக்காச்சும் இப்படி உண்டா..."

கதவுப் பக்கம் பார்த்தவன் பாதியில் நின்றான். பிறகு கூட்டத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்மினியிடம் போனான்.

கூட்டம் நகர்ந்ததும், வடிவு கழற்றிக் கொடுத்த அதே அளவு யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தாள். தோள் தொளதொளவென்று இருந்தது. மஞ்சள் துணியை நான்காக மடித்து பானெட்டைத் துடைத்தாள். பொட்டின் அருகே வந்ததும் துணியை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பட்டுவிடாமல், மூச்சைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.