அரை டம்ளர் டீ

என் தம்பி பஸ் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரிக்க வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தவன், நாலு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஒருநாள் மொட்டை மாடி விளிம்பிலிருந்து கையைப் பிடித்து இறக்கி வந்தேன். அதற்கப்புறம்தான் டாக்டர் கரண்ட் வைத்தியம் என்றார். "மயக்க ஊசி போட்டுத்தாம்மா வைப்போம். வலி தெரியாது. எட்டுத் தடவை வச்சுப் பார்ப்போம்." கரண்ட் வைத்தால் பைத்தியம் முற்றிவிடும் என்று சொல்ல வந்த சொந்தங்களை வாசலோடு அனுப்பினேன். எனக்கு வாய் நீளம்.

மூன்று முறை ஆயிற்று. நெற்றியில் பசை தடவிக் கதவைச் சாத்துவார்கள். வெளியே வந்ததும் இன்று என்ன கிழமை என்று கேட்பான். அவ்வளவுதான்.

இன்று நாலாவது. காலையில் எனக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் டீ."

நாலு மாதத்தில் அவனாக வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை டம்ளர் கொடுத்தேன். பைத்தியக்காரி நான், சாமிக்கு நன்றி வேறு சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். "ராத்திரியிலருந்து எதுவும் குடுக்கலையே?"

அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய் உயிருக்கே ஆபத்து என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! இனி திங்கக்கிழமைதான்."

"மத்தியானம் வரைக்கும் வேணா காத்திருக்கோம்."

"மயக்க டாக்டர் பத்து மணிக்கே கிளம்பிடுவாரு."

திரும்பும் பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மறந்தே போயிட்டேன்டா."

"நான் மறக்கலக்கா."

திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டா நீ குடுத்துடுவேன்னு தெரியும்."

"ஏன்டா? உனக்குக் குணமாக வேணாமா?"

"எட்டும் முடிஞ்சு இப்படியே இருந்தேன்னா, அப்புறம் என்னக்கா இருக்கு? கொஞ்சம் பாக்கி இருக்கட்டுமேன்னுதான்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கண்டக்டர் வந்து தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். டிக்கெட் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். தம்பி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.