நாகேந்திரத்தின் பீப்பாய் பற்றி எழுதாமல் விட்ட கட்டுரை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தானாகவே தண்ணீர் குடிக்கும் பூச்சாடிகள் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி நாகேந்திரம் கேட்டார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடிக்காரர், மலர்க்குழுத் தலைவர். மாட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இப்படித் தொடங்கினேன்:

"நகர வாழ்வில் பசுமை என்பது இன்று

(இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். அப்படியே கிடக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: "சுபோதினி தன் கணவரை ஏமாற்றத் தீர்மானித்த மத்தியானம் நல்ல வெயில்." இது பரவாயில்லை. ஆனால் வாசகர் வேறு எதையோ எதிர்பார்த்து நிமிர்ந்து உட்காருவார். வேண்டாம். சுபோதினி பேரப்பிள்ளை காணப்போகிற அம்மா. விஷயம் பூச்சாடிதான்.

2.

நாகேந்திரத்தின் மனைவிதான் சுபோதினி. மகள் ஹம்சிகா ரொறன்ரோவில் முதற்பிள்ளையை எதிர்பார்த்திருந்தாள். மருமகனுக்கு இரவு வேலை. அம்மா எப்ப வாறியள் என்று வட்சப்பில் தினமும் அழுகை. இருவரும் பயணம் போக ஒரே தடை பல்கனியில் நின்றது: செவ்வரத்தை, நந்தியாவட்டை, துளசி. சாமி அறைக்குப் பூ அங்கிருந்துதான் போகும்.

எதிர்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் தானாகவே முன்வந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், காப்புறுதிக் கம்பனியில் பெரிய உத்தியோகம். வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு நிம்மதியாகப் போங்கோ என்றார். அவருடைய ரோசாக்களைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். இரகசியம் ஒன்றுமில்லை, மீன் கழுவிய தண்ணீர். அதைக் கழுவு தொட்டியில் கொட்டி வீணாக்கும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை.

நாகேந்திரம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "மீன் தண்ணி குடிச்ச பூவையோ பிள்ளையாருக்கு வைக்கிறது?"

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கே: குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால், உன் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று அந்த மனுசியின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் வெறுமனே உதவி கேட்டால், உதவி கேட்ட மாதிரி ஆகிவிடும். நாகேந்திரத்துக்கு இரண்டாவதுதான் பெரிய அவமானம்.)

3.

ஆகவே அவர் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீலப் பீப்பாயோடு வந்தார்.

இந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் உதவும். பீப்பாயின் அடியில் சரளைக் கல், அதன்மேல் கழுவிய மணல், அதன்மேல் இடித்த சிரட்டைக்கரி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மேலே விழுந்து, வடிந்து, அடியிலிருந்து குழாய் வழியாகச் சாடிகளின் கீழுள்ள தட்டுகளுக்குப் போகும். தட்டிலிருந்து திரி வழியாக மண் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் ஆளில்லாதபோது ஏசியை யார் போடுவது என்று சுபோதினி கேட்டார். அதற்குத்தான் பீப்பாயை முதலிலேயே நிரப்பிவிட்டுப் போவது என்றார் நாகேந்திரம். அப்படியானால் வடிகட்டி எதற்கு என்று சுபோதினி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயணம் இன்னும் பிந்தியிருக்கும்.

நாகேந்திரம் பாத்திரம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரன் இவ்வளவு முட்டாளாக இருக்கலாமா? திருத்தி எழுதிப் பார்த்தேன். வெள்ளவத்தையில் நடந்து பார்த்துவிட்டு, திருத்தியதைக் கிழித்துப் போட்டேன்.

4.

பரீட்சித்துப் பார்க்காமல் விமான ரிக்கற் போடமாட்டேன் என்று அவர் அறிவித்தார். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், சாடிகளுக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது. அந்தக் கிழமை ஹம்சிகாவுக்குக் கால்கள் வீங்கி, டொக்டர் படுத்திருக்கச் சொல்லியிருந்தார்.

கரியை நாகேந்திரம் மாவாக இடித்து இறுக்கியிருந்தார். அருமையான வடிகட்டி, தண்ணீரையே நிறுத்திவிட்டது. தட்டுகளில் ஒரு சொட்டும் இல்லை. துளசி தலை தொங்கியது. சுபோதினி முதலில் செடியைப் பார்த்தார், பிறகு போனில் மகளின் முகத்தைப் பார்த்தார். தோற்றது என்று தெரிந்தால் இந்த மனிதன் பீப்பாயைக் கழற்றி மறுபடியும் தொடங்குவார். பிள்ளை பீப்பாய்க்காகக் காத்திருக்காது. அவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

நாகேந்திரம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு குறட்டை விடுகிறவர். சுபோதினி செம்பை எடுத்தார். மண் நனைந்தது, தட்டுகளும் நிறைந்தன.

கிழமை முடிவில் நாகேந்திரம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ரிக்கற் போட்டார்.

5.

புறப்படும் காலை நாகேந்திரம் பெட்டிகளோடு கீழே இறங்க, சுபோதினி எதிர்க்கதவைத் தட்டித் திறப்பை நீட்டினார்.

"நீங்கள் ஊத்துங்கோ கொன்ஸ்ரன்ஸ். என்ன தண்ணி எண்டு மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

கொன்ஸ்ரன்ஸ் சிரிக்கவில்லை. "பிள்ளையைப் பாருங்கோ அக்கா" என்றார்.

பிள்ளை பிறந்தபோது சுபோதினி பக்கத்தில் நின்றார். அந்தப் பிசுபிசுத்த தலையை மார்போடு சேர்த்தபோது ஒரு துளி குற்றவுணர்வும் அவருக்கு இருக்கவில்லை. திரும்பி வந்தால் பல்கனி முழுக்கப் பூ. செவ்வரத்தை இந்தப் பருமனில் அந்த வீட்டில் ஒருநாளும் பூத்ததில்லை. நாகேந்திரம் படம் எடுத்து மூன்று நாடுகளுக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் கட்டுரை கேட்டார்.

6.

முடிவுகள்:

(அ) கொன்ஸ்ரன்ஸ் வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். (அவர் சொல்லமாட்டார். இந்த வரியை அடித்துவிட்டேன்.)

(ஆ) நாகேந்திரம் பீப்பாயைத் திறந்து, ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நிற்பதைக் கண்டு (வெற்றி பெற்றதை யார் திறந்து பார்க்கிறார்கள்?)

(இ) எனக்கு இதையெல்லாம் சொன்னது சுபோதினிதான், நாகேந்திரம் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில். அந்தப் பூவைச் சாமிக்கு வைத்தீர்களா என்று கேட்டேன்.

"வைச்சனான். பிள்ளையாரிட்ட எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டார். இவரிட்டத்தான் சொல்லேலாது."

இவ்வளவையும் அச்சில் போட்டுவிட்டு இரகசியம் என்கிறாயே என்பீர்கள். பயமில்லை. நாகேந்திரம் மலர்க்குழுத் தலைவர்தான், ஆனால் கதை வாசிக்கிறவரல்ல. மலரைப் புரட்டுவார், தன் படம் இல்லையென்றால் மூடிவைப்பார்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் என்றாவது அந்த நான்காம் மாடிக்குப் போனால் அவர் உங்களைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்ப் பீப்பாயைத் தட்டிக் காட்டுவார். எப்பிடி என்று கேட்பார். அந்த நேரம் பார்த்துச் சுபோதினி தேத்தண்ணியோடு வந்து, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பதிலை நீங்கள் சொல்லுங்கள்.