கரடித்தோலில் ஆலாத்தி

மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே மயூரா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடையில், மணவறைக் கதிரைக்கு முன்னால், ஒரு பனிக்கரடித்தோல் விரித்துக் கிடந்தது. தலையோடு, பல்லோடு, கண்ணாடிக் கண்ணோடு! பட்டுச்சேலைக்காரி ஒருத்தி அதன் வாய்க்குள் விரலை விட்டுச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். சீ!

அண்ணன் தயாபரன் ஓடிவந்தான். அவனுடைய மகள் ஆரணி பெரியபிள்ளையானதற்கு இன்று சாமத்தியவீடு. குரோருட் என்ற இந்தக் குளிர்நாட்டுப் புறநகரில் இப்படியொன்றை ஒருவரும் கண்டிருக்கக்கூடாது என்று மாதக்கணக்காக ஆடிய ஆட்டம் இது.

"எப்பிடி? உனக்காகத்தான். நீ பனிக்கரடியளை ஆராய்ச்சி செய்யிறனி எல்லோ, அதுதான் இந்தத் தீம்."

உனக்காகத்தானாம்! மயூரா வருடா வருடம் வடதுருவத்தை அண்டிய ஸ்வால்பார் தீவுகளுக்குப் போய் வருகிறவள். கடல்பனி முன்னதாகவே கரைந்துபோய், சீல் பிடிக்க வழியில்லாமல், தோல் தொங்கக் குட்டியோடு அலைந்த தாய்க்கரடியொன்றைப் போன கோடையில் பார்த்தவள். அடுத்த முறை பார்த்தபோது அதன் பின்னால் குட்டி இல்லை. இங்கே பனி கொட்டவேண்டிய தை மாதத்தில் வெளியே மழை கொட்டுகிறது; உள்ளே ஒரு இயந்திரம் சோப்பு நுரையைப் பனி என்று துப்புகிறது. என்ன கூத்தடா இது!

"அண்ணா, இதைச் சுருட்டு. இல்லாட்டி நான் ஆலாத்தி எடுக்கமாட்டன்."

"விசரே உனக்கு? கடையிலை சட்டப்படி வாங்கினது. நீ ஒருத்திதான் பிள்ளைக்கு மாமி. சனம் என்ன கதைக்கும்?"

அதற்குள் ஆரணியைக் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டார்கள். நகைப் பாரத்தில் குனிந்திருந்த பிள்ளை, மயூராவைக் கண்டதும்தான் நிமிர்ந்தாள். "மாமி, பக்கத்திலையே நில்லுங்கோ. எனக்குப் பயமாயிருக்கு."

அந்தக் குரலுக்காக மட்டும் மயூரா அருவருப்பை விழுங்கிக்கொண்டு, திரி எரியும் ஆலாத்தித் தட்டை எடுத்தாள். வெறுங்காலில் அந்த மயிர் பட்டபோது உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் தயாபரன் மைக்கைப் பிடித்தான். "இந்தக் கரடி, என்ரை தங்கச்சி தன்ரை வேலையிடத்திலையிருந்து ஸ்பெஷலாக் கொண்டந்தது!"

மண்டபம் கைதட்டியது.

மயூரா தட்டைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பறித்தாள். "பச்சைப்பொய்! நான் உயிரோடை இருக்கிறதுகளைப் பாக்கப் போறனான். அதுகள் அங்கை பட்டினி கிடந்து சாகுதுகள். நான் ஒண்டையும் உரிச்சுக்கொண்டு வரேல்லை!"

கைதட்டல் நின்றது. தயாபரனின் முகம் கறுத்தது. "வேலை கூடி அவளுக்குத் தலை சரியில்லை" என்று சபையைப் பார்த்து இளித்துவிட்டு, "புஷ்பமலர் அக்கா, நீங்கள் வாங்கோ" என்றான். அண்ணியின் சிநேகிதி, பிள்ளைக்கு ஒரு சொந்தமும் இல்லாத மனுசி, கூப்பிடக் காத்திருந்தவள் மாதிரி வந்து தட்டைத் தூக்கினாள். ஒரு மாமியை மாற்ற அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

ஆரணி தேம்பத் தொடங்கினாள். மயூரா அவளுடைய கையைப் பிடித்து, "எழும்பி வா, பிள்ளை" என்றாள். ஆரணி தகப்பனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அழாதேங்கோ, கண்மை கரையுது" என்றான் வீடியோக்காரன். "காலைத் தூக்கிக் கரடியின்ரை தலையிலை வையுங்கோ. ஆ, அப்பிடித்தான். இப்பச் சிரியுங்கோ பாப்பம்."

ஆரணி சிரித்தாள்.