சங்குமுனைத் தீவின் அம்மன்

பிளஸ் டூ வகுப்பு வந்த நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, நான் கரும்பலகையில் பலனோகிளாசஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். மூக்குக்கு மஞ்சள் சாக்பீஸ், கழுத்துப் பட்டைக்குச் சிவப்பு, உடம்புக்கு வெள்ளை. கடல் மணலில் வளை தோண்டி வாழும் ஒரு புழு அது. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ள உயிர்களுக்கும் நடுவே நிற்பது என்று பாடத்தில் வரும். நெய்வேலியில் என்னிடம் விலங்கியல் படித்த பிள்ளைகள் ஐந்நூறு பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் நான் கண்ணால் பார்க்காத ஒன்றைத்தான் பார்த்ததுபோலச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த எரிச்சல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மண்டபத்துக்குக் கிழக்கே சங்குமுனைத் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே அந்தப் புழு உண்டு. அரசாங்கம் அதைக் கடல் பூங்காவாக அறிவித்துவிட்டதால் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. பள்ளிக்கூடத்தின் பேரில் எட்டு மாதத்தில் நான்கு கடிதம் போட்டேன். கடைசியில் வந்தது ஒரே ஒரு தாள். 1987 பிப்ரவரி இருபத்தொன்று, சனிக்கிழமை, அந்த ஒரு நாளுக்கு மட்டும். குழுவில் இருபது பேருக்குக் குறையக் கூடாது.

பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அதனால் சுரங்க நகரியத்தில் எங்கள் பிளாக்கில் வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தேன். எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். பஸ் தெற்கே போகிறது என்றதும் முப்பத்தெட்டு சீட்டும் இரண்டே நாளில் நிரம்பிவிட்டது. தீவின் மேல் இவ்வளவு ஆசையா என்று நான் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஆண்கள் குளித்து வந்ததும் மூன்று மணிக்குக் கிளம்பினோம். மறுநாள் விடியும்போது மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. வடலூரில் வள்ளலார் சபையைக் கும்பிட அரை மணி என்றார்கள். சரி, ஊர் எல்லைதானே என்று விட்டேன். பிறகு மைக்கைப் பிடித்துத் தீவின் சரித்திரத்தை ஆரம்பித்தேன். முத்துக் குளிப்பவர்கள் அங்கே குடிசை போட்டுத் தங்கியது, வெள்ளைக்காரர் ஒருவர் சிமெண்ட் தொட்டி கட்டிக் கடல் பிராணிகளை வளர்த்துப் பார்த்தது, பவளப்பாறை, கடற்பசு எல்லாம் சொன்னேன்.

"டீச்சர், கும்பகோணம் தாண்டி வலது கை பக்கம் எங்க குலதெய்வம் இருக்கு. அஞ்சே நிமிஷம்" என்றார் மூன்றாவது சீட்டில் இருந்த சண்முகசுந்தரம்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நகரியத்தில் எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, குலதெய்வம் மட்டும் சொந்த ஊரில் இருக்கிறது. அதைக் கும்பிட லீவும் பஸ்ஸும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். முப்பத்தெட்டு பேரும் என் பஸ்ஸில் ஏறியது அதற்குத்தான். பட்டுக்கோட்டைக்கு முன்னால் ஓர் ஐயனார், அறந்தாங்கிப் பக்கம் ஒரு முனி, தொண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு காளி. ஒவ்வொரு இடத்திலும் பொங்கல் வைத்தார்கள். ஓர் இடத்தில் பூசாரியைத் தேடிப் பக்கத்து ஊருக்கே ஆள் போயிற்று. நான் கத்தினேன், கெஞ்சினேன், பஸ்ஸை விட்டு இறங்காமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகச் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். என் கணவர் ஜெயராமன் அதையும் வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கேயும் நிறுத்தச் சொல்லாதவள் பெரியநாயகி ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுத்து வைப்பவள், பக்கத்துக் கிராமத்துக்காரி. "நீங்களாவது நல்லவங்களா இருக்கீங்களே" என்றேன்.

"எங்க சாமி இருந்த எடம் மைன்ஸுக்குப் போயிடுச்சுங்க டீச்சர். கல்லைப் பேத்தாந்து எங்க மாமா வூட்டுல வச்சிகினு இருந்தாங்க. அவரு போனப்பறம் அது எங்க இருக்குதுன்னே தெரியல. நான் எங்கன்னு நிறுத்தச் சொல்றது?"

ஒரு நிறுத்தம் குறைந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இருந்த ஆத்திரம் அப்படி.

மண்டபத்தில் படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது சனிக்கிழமை மதியம் இரண்டரை. பூங்காக் காவலர் தங்கராசு காலையிலிருந்து காத்திருந்தார். "அஞ்சு மணிக்குள்ள திரும்பிறணும் டீச்சரம்மா. இருபது பேரு இல்லாம போட்டை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படகைத் தயார் செய்யப் போனார்.

ஒருவரும் அசையவில்லை. மண்டபத்தில் ரயில் ஏறினால் ராமேஸ்வரம் என்று அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். அம்சவல்லி, சண்முகசுந்தரத்தின் மனைவி, என்னிடம் வந்தாள். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். அந்தத் தீவுல கோயில் ஏதாவது இருக்கா?"

எட்டு மாதம், நான்கு கடிதம், இருபத்துமூன்று மணி நேரப் பயணம். எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தீவு.

"இருக்கு" என்றேன். "அம்மன். ரொம்பப் பழசு. கேட்டதைக் குடுக்கும்."

ஜெயராமன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தேங்காய் பழத்தட்டோடு முப்பத்தெட்டு பேரும் படகில் ஏறியபோது வெட்கம் போன இடம் தெரியவில்லை.

தீவில் இறங்கியதும், "எந்தப் பக்கம்?" என்றார்கள். மரங்கள் இருந்த பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினேன். தண்ணீர் வற்றிய நேரம். ஈர மணல் வெகுதூரத்துக்கு விரிந்து கிடந்தது. கால் மணி தேடியிருப்பேன். அப்புறம் பார்த்தேன், முறுக்குப் பிழிந்து வைத்ததுபோல மணல் சுருள் ஒன்று. புழு மணலைத் தின்று வெளியே தள்ளிய சுருள். பக்கத்தில் இன்னொன்று. மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். நாலு விரல் ஆழத்தில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அதனுடைய வாடைதான், புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்னும் வேகமாகத் தோண்டினேன்.

"டீச்சரம்மா! இங்க வாங்க!"

தங்கராசு கத்திய கத்தலில் எழுந்தேன். மரங்களுக்கிடையே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

கோயிலைத் தேடி அலைந்தவர்கள் ஒரு கல்லைக் கண்டுபிடித்திருந்தார்கள். முழங்கால் உயரக் கல். அதைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ரவிக்கைத் துணி சாத்தி, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பெரியநாயகி அதன் முன்னால் தரையோடு தரையாக விழுந்து கிடந்தாள். "பதினோரு வருஷமா கான்ட்ராக்ட்ல கெடக்குறான் ஆத்தா, எம் புள்ள வேணுவைப் பர்மனென்ட் ஆக்கிடு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"போன வருசம் நாங்க நட்ட எல்லைக்கல்லுங்க இது!" என்றார் தங்கராசு. "இங்க தீப் பத்தவைக்கவே கூடாது. அம்மன்னு யாரு சொன்னது இவுகளுக்கு? நீங்க படிச்சவுக. இது சாமி இல்லைன்னு உங்க வாயால சொல்லி, இதைக் கழுவச் சொல்லுங்க. கழுவிட்டா அஞ்சு மணி வரைக்கும் இருந்து உங்க வேலையைப் பாருங்க. இல்லேன்னா இப்பவே எல்லாரும் படகுக்கு நடங்க."

நியாயமான பேச்சு. ஒரு வார்த்தைதான். அதுவும் உண்மை.

பெரியநாயகி எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மணல். "அவரு என்னமோ சொல்றாருங்க டீச்சர். அம்மா இருக்கா இல்ல?"

என் நகக்கண்ணெல்லாம் அந்த வாடை. இருநூறு அடி தள்ளி, பாதி தோண்டிய குழி. அதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியிருக்கும்.

"இருக்கா" என்றேன்.

தங்கராசு என்னிடமிருந்து அனுமதித் தாளை வாங்கி, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பள்ளிக்கு இனி அனுமதி கிடையாது என்றார். படகில் ஏறும்போது மணி மூன்றே முக்கால்.

"பாத்தியா?" என்று ஜெயராமன் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியநாயகி அது தன்னைக் கேட்டது என்று நினைத்துவிட்டாள். "நான் கண்ணாரப் பாத்துட்டேங்க சார்" என்றாள். "எல்லாம் டீச்சரால."

அவளை ஓங்கி அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.