லைன் கிடைக்கிற ஜெபக் குடில்

டைல்ஸ் பதிக்கிறவர்களைத் தவிர, முழங்கால் போட்டு உலகத்தில் எதையும் சாதித்தவர் எவருமில்லை. இது ஜீவனின் தீர்க்கமான முடிவு. கல்லூரி கேண்டீனில் மூன்று முறை அறிவித்துவிட்டான். மறுப்பு எதுவும் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவன் ஜெஞ்சாரோம் ஜெப முகாமுக்கு வந்ததற்குக் காரணம் இரண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் சபை நடத்தும் அந்த முகாமுக்கு இது நாற்பதாவது வருஷம். விழா மலருக்கு முகாமின் வரலாறு எழுத ஆள் வேண்டியிருந்தது. பிழையில்லாமல் கேலி செய்கிறவன் பிழையில்லாமல் எழுதுவான் என்று பாஸ்டர் நம்பிவிட்டார்.

இரண்டாவது காரணம் சமையல்கட்டில் இருந்தது. அவன் அம்மா நேசம்மா, இருபத்தெட்டு வருஷமாக முகாமுக்குச் சமைக்கிறவள். போன வாரம் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்திருந்தார்கள். ரிசல்ட் வந்ததும், சனிக்கிழமை மதியத்துக்குள் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். தெரியாத நம்பர் என்றாலே ஸ்கேமர் என்று அம்மா எடுக்கமாட்டாள். அதனால் மகன் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

"கட்டிதானேடா. கொசு கடிச்சாகூட வீங்குது" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

முகாமில் ஹேண்ட்போனுக்குத் தடை. வாசலிலேயே முகாம் பொறுப்பாளர் ராஜன் அங்கிள், போன்களை வாங்கிப் போட பிஸ்கட் டின்னை நீட்டினார். செத்துப்போன பழைய போன் ஒன்றை ஜீவன் பக்தியோடு உள்ளே வைத்தான். நல்ல போன் காலுறைக்குள் போயிற்று.

சனிக்கிழமை காலையில்தான் போனை வெளியே எடுத்துப் பார்த்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், எங்கேயும் போனுக்கு லைன் இல்லை. சாப்பாட்டுக்கூடம், படுக்கும் கொட்டகை, கழிவறைப் பின்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. மேட்டிலிருந்த ஜெபக் குடிலில், மேற்கு மூலையில் மட்டும் இரண்டு கோடு காட்டியது. குடிலுக்கு அரைச்சுவர்தான். நின்றால் போன் முகாமுக்கே தெரியும். வேறு வழியில்லாமல் ஜீவன் முழங்கால் போட்டான்.

குடிலின் வரலாறு அவன் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. அந்தக் காலத்தில் அது தோட்டத்து உரக் கொட்டகை. முதல் வருஷம் லோரியில் வந்திறங்கிய பதினோரு பெண்கள் மூன்று நாள் கழுவியும் நாற்றம் போகவில்லை; அந்த நாற்றத்திலேயே ஜெபித்திருக்கிறார்கள். 'மூக்கைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய முதல் எழுப்புதல் கூட்டம்' என்று எழுதி, தானே ரசித்திருந்தான்.

ஒன்பது மணிக்கு யுகேந்திரன் எட்டிப் பார்த்தான். ஒரே சபை, ஒரே கல்லூரி. கேண்டீன் அறிவிப்பை மூன்று முறையும் கேட்டவன்.

"மச்சான், நீயா? முட்டிக்கால்லயா?"

"போடா அந்தப் பக்கம்."

"டைல்ஸ் வேலை கிடைச்சிருச்சா லா?"

சொல்லிவிட்டு ஓடினான். பத்தே நிமிஷத்தில் அரைச்சுவருக்கு அப்பால் நாலு ஆன்டிகள் நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஜீவன் கண்ணை இறுக மூடி, போனைத் தொடைக்கடியில் தள்ளினான். பத்தரை. பதினொன்று. போன் அசையவே இல்லை. முட்டி மரத்துப்போனது.

ராஜன் அங்கிள் வந்து பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, சாயங்காலம் மேடையில சாட்சி சொல்றியான்னு பாஸ்டர் கேக்கறாரு."

"இன்னும் ஜெபம் முடியல அங்கிள்."

"அவசரமில்லப்பா. இது உங்கம்மா மூலை, தெரியும்ல? வெங்காயம் வெட்டினதும் இங்க வந்துடும். கண்ணு செவந்திருந்தாலும் யாரும் கேக்கமாட்டாங்கள்ல." எழுந்து போகும்போது சேர்த்துக்கொண்டார்: "வழக்கமா ஒருக்கா வரும். நேத்து மூணு தடவ."

பதினொன்று நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நேசம்மா?"

"மகன் பேசுறேன், மிஸ்ஸி."

"ரிசல்ட் வந்துடுச்சு. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டரைப் பாக்கணும்."

"நல்லதா, கெட்டதா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"போன்ல சொல்லக்கூடாது தம்பி. கூட யாராச்சும் வரட்டும்."

நிமிர்ந்தபோது அம்மா குடில் வாசலில் நின்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்கம்மா."

"வேற?"

"கூட ஆள் வரணுமாம். நான் வரேன்."

"சரி. கோழிக்கு உப்புப் பாக்கணும்" என்று அம்மா இறங்கிப் போனாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கூடத்துக்குப் போனார்கள். ஜீவன் போனை அணைத்துக் காலுறைக்குள் செருகினான். எழுந்து அரைச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒருவருமில்லை. திரும்பி வந்து, அதே மூலையில் முழங்கால் போட்டான். எப்படி ஆரம்பிப்பதென்றுதான் தெரியவில்லை.