யாரும் ஒட்டாத கட்டம்

புயல் போய் ஒரு மழைக்காலமும் கழிந்த பிறகுதான், "உங்களுக்கு முதலில் என்ன வேண்டும்?" என்று எங்களைக் கேட்க வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம். சேறு ஏறிய கோடு கரும்பலகைக்கு மேலே இன்னும் அப்படியே இருந்தது. மின்விசிறியின் இறக்கைகள் வளைந்து தொங்கின. அதற்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

நான் தையல்காரி. சந்தையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் என் மெஷின் இருக்கிறது. பக்கத்திலேயே அக்கா காய்கறி விற்கிறாள். அவள் வீடு கடல் சுவரை ஒட்டிய தெருவில். புயலில் அந்தச் சுவர் ஒரு லாரி நுழையும் அளவுக்கு உடைந்துபோனது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் கடல் இரைச்சல் ஓயவில்லை. அங்கே இருப்பவர்கள் கத்தித்தான் பேசுவார்கள், சந்தைக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது.

"என்னக்கா, ஊருக்கே ஏலம் போடறியா?" என்று கேலி செய்வேன்.

"உன் வாயை விடவா?" என்று இன்னும் சத்தமாகத் திருப்பிக் கொடுப்பாள்.

சிரிப்போம். ஆனால் இலை அசையாத நாளிலும் அவள் வீட்டு வாசல் சாக்கடையில் கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

புயல் மறுசீரமைப்புத் திட்டத்தின் அலுவலர் ஓர் இளம்பெண். சுவரில் பெரிய தாள் ஒட்டி, கட்டம் கட்டி எழுதியிருந்தார்: சந்தைக் கூரை, மருந்தகம், படகுத்துறை, உள்சாலை, கடல் சுவர். வீட்டுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர்.

"எது வேணுமோ அதுல ஒட்டுங்க. எதுல அதிகமா விழுதோ அந்த வேலையை மட்டும்தான் இந்த வருஷம் எடுக்க முடியும்" என்று இரண்டு தடவை சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

முண்டியடித்துக்கொண்டு ஒட்டினோம். நான் மூன்றையும் கூரையில் ஒட்டினேன். எனக்கு முன்னால் நின்ற அக்காவும் கூரையில்தான் ஒட்டினாள். அது எனக்கு வித்தியாசமாகப் படவே இல்லை.

எல்லோரும் திரும்பிப் போய் உட்கார்ந்தபோதுதான் தாள் முழுசாகத் தெரிந்தது. கூரைக் கட்டத்தில் இடம் போதாமல் சிவப்பு வெளியே வழிந்திருந்தது. கடல் சுவர் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதில் ஒன்றுகூட இல்லை.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "அதுக்கு எப்படியும் எல்லாரும் போடுவாங்கன்னு நெனச்சேன்!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றது ஒரு குரல். "சுவரைக் கேக்காமலே கட்டித் தருவாங்கன்னுல்ல இருந்தேன்" என்றது இன்னொன்று. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அலுவலர் சிரிக்கவில்லை. "நான் இன்னும் போட்டோ எடுக்கல. மாத்தணும்னா இப்பவே மாத்திக்கலாம்" என்றார்.

நான் போய் என் மூன்றையும் பிய்த்துச் சுவர் கட்டத்தில் ஒட்டினேன். அக்கா ஒட்டினாள். அவள் தெருவிலிருந்து ஒரு சிலர் வந்தார்கள். அதோடு சரி. மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் உடைந்த மின்விசிறியைப் பார்த்தார்.

மீன் ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். "கூரை கைக்கு வந்துடுச்சும்மா. இப்ப விட்டா திரும்பக் கிடைக்குமா? சுவர் ஒரு எடத்துலதானே உடைஞ்சிருக்கு."

"அந்த ஓட்டைக்கு நேரா எங்க அக்கா வீடு இருக்கு."

"தெரியும்மா. மணல் மூட்டை அடுக்கித் தர்றோம். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தலைகள் ஆடின. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலில் ஒட்டியது தவறு, அதற்கு யாரையும் நோக முடியாது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இதற்கு என்ன பெயர் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அலுவலர் படம் எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு. கூரை வந்தா உனக்கும் நல்லதுதானே" என்றாள். அதை மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூட்டைகள் வந்தன. ஒரு வரிசை அடுக்கினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். சாக்கடைத் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து வழக்கம்போல ஏறி இறங்கியது.

கூரை சொன்னபடி எழும்பியது. நீலத் தகரம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்த வாரத்தில் அடுத்த புயல் எச்சரிக்கை வந்தது. பட்டப்பகலில் வானம் இருண்டது. அக்கா வீட்டுக்கு ஓடினேன். கடல் கத்திய கத்தலில் அவள் சொல்வதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நீ முன்னாடி போ! சிலிண்டரைக் கழட்டி மேல வச்சுட்டு வந்துடறேன்!"

"அக்கா, அது கெடக்கட்டும், வா!"

"போன்னா போ! பின்னாடியே வர்றேன்!"

போனேன். சந்தையை எட்டும்போது உடைப்புப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு தெரு இருந்த இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது.

புதுக் கூரைக்கு அடியில் முதலில் வந்து இறங்கியது மீன் கூடை இல்லை, அக்காவின் தெரு. நனைந்த துணி மூட்டைகளும் குழந்தைகளுமாக வந்து ஒடுங்கினார்கள். ஏலக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார். "ஒரு சொட்டு ஒழுகல பாரும்மா" என்றார்.

தகரத்தில் மழை அறைந்தது. அதையும் மீறி அந்தத் தெருக்காரர்களின் குரல் கேட்டது, எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகக் கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். அதில் அக்காவின் குரல் இல்லை.